ஒன்பது மணி நேர விளக்கு

"உன் கையில ஏழு விரல் இருக்கு" என்றாள் பொன்னுத்தாய்.

வாயால் சொல்லவில்லை. பொன்னுத்தாய்க்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் கிடையாது. உறையூரில் தன் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, ஃபோனில் தெரிந்த மகளைப் பார்த்துக் கையாலும் முகத்தாலும் சொன்னாள். அவள் கை ஓடுகிற வேகத்துக்கு ஊரில் பல பேருடைய வாய் ஈடுகொடுக்க முடியாது.

"என்னம்மா உளறே?" என்று ஸ்ரீரங்கத்திலிருந்து சுபஸ்ரீயும் கையாலேயே கேட்டாள்.

"உளறலை. நீ விரலை ஆட்டினா ஒண்ணுக்குப் பின்னால இன்னொண்ணு வருது. மூஞ்சியில கறுப்புப் பட்டை பட்டையா ஓடுது. எனக்குக் கண்ணு வலிக்குது. அந்தப் புது லைட்டை அணைச்சிட்டுப் பேசு, இல்லன்னா வெச்சிடு."

சுபஸ்ரீ விளக்கை நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவுக்குத் தெரிகிறது என்றால் எல்லாருக்கும் தெரியும்.

காது கேளாத அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பிறந்தவள் அவள். அரிச்சுவடி படிக்கும் முன்பே ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் அவர்களுக்கு வாயாக நின்று பழகியவள். எம்.காம். முடித்த பிறகு அதுவே பிழைப்பாகவும் அமைந்தது. சென்னையில் ஒரு நிறுவனம். வங்கிக்கோ மருத்துவமனைக்கோ காது கேளாத ஒருவர் வந்து நின்றால், அங்கே இருக்கிற திரையில் இந்த நிறுவனத்து ஆள் ஒருவர் தோன்றுவார். வந்தவர் கையால் சொல்வதை அங்கிருப்பவர்களுக்கு வாயாலும், அவர்கள் வாயால் சொல்வதை வந்தவருக்குக் கையாலும் சொல்வார். அந்த வேலைக்காகக் கல்யாணமாகி இரண்டு வருஷம் சுபஸ்ரீ சென்னையில் ஹாஸ்டலிலும், அவள் கணவன் ரத்தினவேல் ஸ்ரீரங்கத்திலுமாக இருந்தார்கள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அவன் இரண்டு ஹெல்மெட்டைக் கையில் கோத்துக்கொண்டு ரயிலடியில் வந்து நிற்பான். ஞாயிற்றுக்கிழமை மதியமே கொண்டுபோய் ஏற்றிவிடுவான்.

"நமக்குக் கல்யாணம் ஆயிருக்கா, இல்ல ரயில்வேக்காரங்களுக்கு ஆள் சேர்த்து விடறோமா?" என்று ஒரு தடவை கேட்டான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். அவளுக்கு விழுப்புரம் தாண்டும்வரை அழுகை நிற்கவில்லை.

இந்த வருஷம்தான் நிறுவனம் இறங்கி வந்தது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். மூன்று மாதம் சோதனை. முடிவில் மேலதிகாரி ஷெர்லின் ஒரு நாள் அவளுடைய அழைப்பு ஒன்றைக் கூடவே இருந்து பார்ப்பாள். தேறினால் ஸ்ரீரங்கம். தேறாவிட்டால் மறுபடியும் சென்னை.

நிபந்தனைகள் கறாரானவை. கதவு சாத்திய அறை வேண்டும். வருகிறவர்களின் கணக்கு எண்ணும் வியாதியும் வெளியே போகக் கூடாது. பின்னால் வெறும் சுவர். முகத்திலும் கையிலும் நேர் வெளிச்சம். அடையவளஞ்சான் தெருவில் அவர்கள் குடியிருந்த பின்கட்டுப் போர்ஷனில் கதவுள்ளது நடு அறை ஒன்றுதான். அதற்கு ஜன்னல் கிடையாது. உச்சி வெயில் வேளையிலும் அங்கே ஊசியில் நூல் கோக்க முடியாது.

மின்சாரம் இருக்கிறவரை கவலையில்லை. மாதம் ஒரு நாள் பராமரிப்பு என்று காலை ஒன்பதே முக்காலுக்கு நிறுத்துவார்கள். சாயங்காலம் நாலு மணிக்குத்தான் வரும். லேப்டாப்புக்கு நிறுவனமே ஒரு பெரிய பவர் பேங்க் கொடுத்திருந்தது. நெட் பெட்டிக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கிவிட்டார்கள். வெளிச்சத்துக்குத்தான் வழியில்லை. கடையில் வாங்கிய எமர்ஜென்சி லைட் இரண்டரை மணி நேரத்தில் அழுதுவடிந்தது.

"நான் பண்ணித் தரேன்" என்றான் ரத்தினவேல்.

அவன் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தவன். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் மிக்சி, அயர்ன் பாக்ஸ், எமர்ஜென்சி லைட் பழுது பார்க்கிற கடை வைத்திருந்தான். அடுத்தவன் செய்த சாமானை ரிப்பேர் செய்தே வயசு முப்பத்தாறு ஆகிவிட்டது என்று அவனுக்கு உள்ளூர ஒரு குறை. அதனால் இந்த விளக்கில் உயிரைக் கொட்டினான். பழைய லேப்டாப் பாட்டரிகளை உடைத்து, அதில் உயிரோடிருந்த செல்களை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பொறுக்கினான். அலுமினிய ஜன்னல் செய்கிற கடையில் வெட்டிப்போட்ட துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, சூடு தங்காமலிருக்க எல்.இ.டி.களை அதன்மேல் ஒட்டினான். இஷ்டத்துக்கு வளைகிற கழுத்து ஒரு தையல் மிஷின் விளக்கிலிருந்து வந்தது. பதினைந்து நாள் அவன் இடது கையில் சாப்பாட்டுத் தட்டு, வலது கையில் மீட்டர்.

"எருமை மாதிரி தின்னுது சுபா. இப்படித் தின்னா நாலு மணி நேரம்தான் தாங்கும்" என்று முதலில் தலையைச் சொறிந்தான். அப்புறம் ஒரு நாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தான். "வழி கிடைச்சிடுச்சு. லைட்டை விட்டு விட்டு எரிய விடணும். ஒரு நொடிக்குள்ள நூறு தடவை எரியும், நூறு தடவை அணையும். நம்ம கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனா பாதி நேரம் அது தூங்கிக்கிட்டிருக்கும். பாட்டரி மிச்சம்."

"உங்களை மாதிரின்னு சொல்லுங்க. நான் பேசறப்ப முழிச்சிக்கிட்டே தூங்குவீங்களே."

"ஆமா, அதனாலதான் நானும் இத்தனை வருஷம் தாங்கறேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அதை ஏற்றி வைத்தான். சமையல், சாப்பாடு, துணி துவைப்பது எல்லாம் முடிந்தும் அது எரிந்துகொண்டிருந்தது. மணி மூன்று அடித்த பிறகுதான் கண்ணை மூடியது. ஒன்பது மணி நேரம்! அவன் அவளைத் தூக்கி ஒரு சுற்று சுற்றியதில் அவள் கால் பட்டுக் குடம் உருண்டது. தண்ணீரைத் துடைத்துக்கொண்டே அவள் அவனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு, கல்யாண ஃபோட்டோவில்கூட இல்லாதது.

அன்றே விளக்கைப் படம் பிடித்து, "வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு, ஒன்பது மணி நேரம்" என்று வாட்ஸ்அப்பில் போட்டான். தில்லை நகரிலிருந்தும் கே.கே. நகரிலிருந்தும் ஆட்கள் கேட்டார்கள். ஒரே வாரத்தில் நாற்பது பேர். அவன் வாழ்க்கையில் ஒரே பொருளை நாற்பது பேர் அவனிடம் கேட்டதில்லை. விட்டு விட்டு எரிய வைக்கிற அந்தச் சின்ன போர்டை மொத்தமாக நாற்பது வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

அந்தச் சமயத்தில்தான் பொன்னுத்தாய் விரலை எண்ணினாள்.

"உங்கம்மா ஃபோன் அரதப்பழசு" என்றான் ரத்தினவேல்.

சுபஸ்ரீ விளக்கடியில் உட்கார்ந்தாள். லேப்டாப்பில் தன்னையே ஒரு நிமிஷம் படம் பிடித்து அவன் முன்னால் வைத்தாள். அவள் முகத்தின் மேல் கறுப்புக் கோடுகள் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தன. அவள் கையை அசைத்தபோது விரல்கள் விசிறி மடிப்பு மாதிரி பிரிந்து பிரிந்து தெரிந்தன.

அவன் இரண்டு தடவை பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்கும் புரிந்தது.

"கேமரா கண்ணு நம்ம கண்ணு மாதிரி ஏமாறாது" என்றான் மெல்ல. "இது அணையறதை அது பிடிச்சிடுது. வேற போர்டு போடணும். கம்பிச் சுருள் வெச்சது. அது விடாம எரிய விடும். ஆனா அந்தச் சுருள் கொஞ்சம் தின்னும். ஆறரை மணி நேரம்தான் வரும்."

"ஆறரை போதுமேங்க. ஒன்பதே முக்கால்லேர்ந்து நாலு. ஆறே கால்தானே?"

"போதும்தான்." அவன் மூலையில் இருந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தான். "உன்னோடதுல தப்புன்னா, நாப்பதுலயும் தப்பு சுபா. ஒன்பதுன்னு போட்டிருக்கேன் எல்லாருக்கும்."

"அவங்களுக்கு என்ன சொல்றதுன்னு அப்புறம் யோசிக்கலாம். முதல்ல என்னோடதை மாத்துங்க. பன்னிரண்டாம் தேதி கரண்ட் கட். ஷெர்லின் மேடம் வேணும்னே அன்னிக்குத்தான் வெச்சிருக்காங்க. கரண்ட் இல்லாத நாள்ல உங்க வீடு எப்படியிருக்குன்னு பாக்கணும்னு சொன்னாங்க. பதினோரு மணிக்கு."

"மாத்திடறேன்."

மூன்று நாள் கழித்து விளக்கைக் கடையிலிருந்து கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழைக் காணோம். அந்த ஓட்டையைப் பசை வைத்து அடைத்திருந்தான்.

"புது போர்டு போட்டாச்சு. இனிமே திருகற வேலையெல்லாம் வேண்டாம். ஒரே வெளிச்சம்."

அம்மாவைக் கூப்பிட்டுக் கையை அசைத்துக் காட்டினாள். பொன்னுத்தாய் ஃபோனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்து, "இப்பத்தான் என் வயித்துல பொறந்த பொண்ணு" என்றாள்.

"எத்தனை மணி நேரம் வரும்?" என்று கேட்டாள் சுபஸ்ரீ.

"ஒன்பதுதான்." விளக்கின் அடிப்பாகத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"சுருள் வெச்சா குறையும்னீங்களே?"

"நல்ல போர்டா கிடைச்சுது."

அவள் அவன் முதுகுப் பக்கமாக வந்து தோளில் மோவாயை வைத்துக்கொண்டாள். எந்தச் சாமானையும் அவன் கை சரியாக்கிவிடும் என்று அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. அவன் துடைப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றான். அது சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டாம் தேதி காலை, பத்திரிகையில் போட்டிருந்தபடியே ஒன்பதே முக்காலுக்கு மின்விசிறி மெதுவாகி நின்றது. சுபஸ்ரீ நடு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு விளக்கை ஏற்றினாள். கருநீலச் சட்டை, வெறும் சுவர். வேர்வை வழியாமலிருக்க நெற்றியில் துண்டை ஒற்றிக்கொண்டாள். முதலில் ஒரு வங்கி அழைப்பு வந்தது. அடுத்து ஒரு ஓட்டுநர் உரிமப் பிரச்சினை. பத்தரைக்கு ஷெர்லினிடமிருந்து செய்தி: "எனக்கு இங்கே ஒரு மீட்டிங் நீளுது. உங்க அழைப்பை ரெண்டு மணிக்கு மாத்திக்கலாமா?"

"சரிங்க மேடம்" என்று பதில் அனுப்பினாள். மாறிய நேரத்தை ரத்தினவேலிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஒன்பது மணி நேரம் எரிகிற விளக்குக்குப் பதினொன்றானால் என்ன, இரண்டானால் என்ன?

நடுவில் முக்கால் மணி நேரம் ஓர் அழைப்பும் இல்லை. விளக்கடியிலேயே உட்கார்ந்து மோர் சாதம் சாப்பிட்டாள். ஒரு பத்திரிகையைப் புரட்டினாள். மறுபடி இரண்டு அழைப்புகள். ஒன்றே முக்கால் வாக்கில் வெளிச்சம் லேசாகத் தணிந்த மாதிரி இருந்தது. காலையிலிருந்து திரையைப் பார்த்த கண்ணின் அசதி என்று கண்ணைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

இரண்டு மணிக்கு ஒரு பெரியவர் திரையில் வந்தார். சேலத்துப் பக்கம் ஏதோ ஒரு மருத்துவமனை. வீரமலை என்று பெயர். அறுபது வயசிருக்கும், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு நர்ஸ். திரையின் ஓரத்தில் ஷெர்லினின் பெயர் மட்டும் இருந்தது.

சர்க்கரை ஊசியை அவரே போட்டுக்கொள்ளப் பழக்க வேண்டும். "காலையில பத்து, ராத்திரி ஆறுன்னு சொல்லுங்க" என்றாள் நர்ஸ். சுபஸ்ரீ கையால் சொன்னாள். இந்த வேலையில் இருப்பவர்கள் தங்கள் முகம் தெரிகிற கட்டத்தை மூடிவிடுவார்கள். தன்னையே பார்த்துக்கொண்டிருந்தால் எதிராளியின் கை தப்பிப்போகும். அவளும் மூடி வைத்திருந்தாள்.

வீரமலை கண்ணை இடுக்கினார். "காலையில எத்தனை?" என்று திருப்பிக் கேட்டார்.

மறுபடி சொன்னாள். நிதானமாக, ஒவ்வொரு விரலாக நிறுத்தி.

"ராத்திரி எட்டா?" என்றது அவர் கை.

"இல்லைங்கய்யா. ஆறு."

"ஒன்பதா?"

நர்ஸ் பொறுமை இழந்து, காது கேட்காதவரிடம் குரலை உயர்த்தினாள். சுபஸ்ரீ கேமராவுக்கு இன்னும் கிட்டே போய், கையை விளக்குக்கு நேராகப் பிடித்து, மூன்றாம் முறை சொன்னாள். பெரியவர் உள்ளங்கையால் கண்களைத் தேய்த்துக்கொண்டார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டுவிட்டார்.

கையால் பேசுகிறவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால், கதவை முகத்தில் அறைந்து சாத்தியதற்குச் சமம். அப்பா கோபம் வந்தால் அப்படித்தான் செய்வார். அம்மா சுற்றி வந்து எதிரே நிற்பாள். திரைக்குள்ளிருந்து சுற்றி வர முடியாது.

"சுபஸ்ரீ, நான் எடுத்துக்கறேன்" என்று ஷெர்லினின் குரல் வந்தது. திரையில் ஷெர்லின் தோன்றி, நர்ஸிடம் அவர் தோளைத் தொடச் சொல்லி, பத்து, ஆறு என்று காட்டினாள். பெரியவர் பார்த்த உடனே தலையாட்டினார். பத்து, ஆறு என்று தானும் செய்து காட்டிச் சிரித்தார்.

அப்போதுதான் சுபஸ்ரீ தன் கட்டத்தைத் திறந்து பார்த்தாள். அவள் முகத்தில் கறுப்புக் கோடுகள் ஏறிக்கொண்டிருந்தன.

மூன்று மணிக்கு ஷெர்லின் கூப்பிட்டாள். நல்லவள், பூசி மெழுகத் தெரியாதவள்.

"உங்க வேலையில ஒரு குறையும் இல்ல, சுபஸ்ரீ. எங்கிட்ட இருக்கறதுல நீங்கதான் நல்ல கை. ஆனா அந்தப் பெரியவர் ஒன்பதுன்னு நினைச்சுக்கிட்டுப் போயிருந்தா?"

"தெரியும் மேடம்."

"நான் இதை மறைச்சு எழுத முடியாது. நீங்க திங்கள்கிழமை இங்க ஆபீஸ்ல சேந்துடுங்க. வீட்டிலேர்ந்து வேலை பாக்க மறுபடி கேக்கணும்னா ஒரு வருஷம் ஆகணும், அதுதான் விதி. ஒரு வருஷம்தானேன்னு சொல்ல எனக்கே வாய் வரலை."

ரத்தினவேல் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தான். கையில் மைசூர்பாகு டப்பா. "என்ன, மேடம் பாஸ் போட்டாங்களா, இல்ல நான் வந்து பேசணுமா?" என்று வாசலிலேயே ஆரம்பித்தான்.

"இல்லைங்க. லைட் பழையபடி பட்டை பட்டையா ஆயிடுச்சு."

அவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எத்தனை மணிக்கு?" என்றான்.

ஐயோ என்பான், எப்படி என்பான் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். காலையிலிருந்து அவளுக்கு என்னவானது என்று கேட்காமல் மணி கேட்கிறான்.

"மணியை எதுக்குக் கேக்கறீங்க?"

"பதினொண்ணுன்னுதானே சொன்னே?"

"ரெண்டுக்கு மாத்திட்டாங்க." அவள் அவன் முகத்தையே பார்த்தாள். மற்றவர்கள் பேச்சைக் கேட்பார்கள். அவளோ முகத்தைப் படித்து வளர்ந்தவள். "பதினொண்ணா இருந்தா சரியா இருந்திருக்கும். அது உங்களுக்குத் தெரியும். அப்படித்தானே?"

அவன் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, வாசற்படியிலேயே உட்கார்ந்தான்.

"போர்டை மாத்தலை சுபா. கடைசி வரைக்கும் வெளிச்சத்தைக் கூட்டி வெச்சா அது விட்டு விட்டு எரியாது, நேரா எரியும். அதான் அங்கேயே நிறுத்திப் பசை போட்டுட்டேன். நாலு மணி நேரம் வரும். அதுக்கப்புறம் பாட்டரி இறங்கினா, மிச்சம் பிடிக்கறதுக்கு போர்டு தானாவே பழைய மாதிரி விட்டு விட்டு..."

"நாலு மணி நேரம்னு எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"பதினொண்ணுல முடிஞ்சிடுமே, அப்புறம் நிதானமா மாத்திக்கலாம்னு..."

"முக்கால் மணி நேரம் அது எதிர்ல உக்காந்து மோர் சாதம் சாப்பிட்டேங்க. பத்திரிகை படிச்சேன். வெட்டியா எரிஞ்சுது. சொல்லியிருந்தா அணைச்சு வெச்சிருக்க மாட்டேனா? அணைக்க எவ்வளவு நேரம் ஆயிடும்?"

"நாப்பது போர்டு வாங்கிட்டேன், சுபா. அது தப்புன்னு நானே ஒத்துக்கிட்டா..."

"ஊருக்கு ஒத்துக்க வேண்டாம். எங்கிட்டயுமா?"

அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ஒன்பது மணி நேரம் எரிஞ்ச அன்னிக்கு என்னைப் பாத்துச் சிரிச்சே பாரு. நீ அப்படி என்னைப் பாத்ததே இல்ல. அதைக் கெடுக்க மனசு வரலை."

அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் சொன்னது பொய்யில்லை என்று தெரிந்ததில் அதுவும் முடியாமல் போனது. அந்தச் சிரிப்புக்காகப் பொய் சொன்னவனிடம் இனி எதைப் பார்த்தும் அப்படிச் சிரிக்க முடியாதே என்றுதான் நினைத்தாள். திங்கள்கிழமை சென்னையில் சேர வேண்டும் என்பதை மட்டும் சொன்னாள். அவன் தலையைத் தூக்கவில்லை.

இரண்டு பேரும் அன்று சாப்பிடவில்லை. மைசூர்பாகில் எறும்பு ஏறியது.

மறுநாள் காலை அவள் துணிகளை எடுத்து வைத்தபோது, அவன் அந்த நாற்பது பேருக்காகச் செய்து முடித்திருந்த விளக்குகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"அதையெல்லாம் கொடுக்கப் போறீங்களா?"

"அவங்கள்லாம் டைப் அடிக்கறவங்க. கேமராவை யார் போடறா?"

"மீட்டிங் இல்லாத ஆபீஸ் எங்கங்க இருக்கு? கேமராவுக்கு ஆகாதுன்னு பெட்டியிலயாவது எழுதுங்க. சுருள் போர்டு போட்டு ஆறரைன்னு கொடுங்க. இல்லன்னா கொடுக்காதீங்க."

"எழுதறேன்" என்றான்.

சனிக்கிழமை உறையூருக்குப் போய் அம்மாவிடம் சொல்லிக்கொண்டாள். பொன்னுத்தாய் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "கெட்டவன் இல்ல. கெட்டவனா இருந்தா உனக்குச் சுலபம்" என்று மட்டும் சொல்லி, மகள் தலையில் எண்ணெய் வைத்துவிட்டாள். அவள் திரும்பி வந்தபோது கடைசிப் பெட்டி ஒன்று வாசலருகே இருந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த தாளில் "ஒன்பது மணி நேரம்" என்று பெரிதாக அச்சடித்திருந்தது. வேறு ஒரு வரியும் இல்லை. அவள் பெட்டியைத் திருப்பிக்கூடப் பார்த்தாள். பிறகு இருந்தபடியே வைத்துவிட்டு உள்ளே போனாள். அவனிடம் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் சொல்வான். அந்தப் பதிலையும் அவள் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் இடம் கிடைத்தது. ஸ்ரீரங்கம் ரயிலடியில் வெயில் இன்னும் ஏறவில்லை. பெட்டியை மேலே வைத்துவிட்டு அவன் இறங்கி வந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சட்டையில் ஒரு பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். வேறு நாளாக இருந்தால் அவளே கையை நீட்டிச் சரிசெய்திருப்பாள்.

"தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியா?"

"ம்."

"ஹாஸ்டல்ல அதே ரூம் தருவாங்களா?"

"தெரியாது."

அவன் கம்பியை நகத்தால் சுரண்டினான். வண்டி கூவியது. அதற்காகவே காத்திருந்தவன் போலச் சட்டென்று கேட்டான்: "மறுபடி வீட்டிலேர்ந்து வேலை பாக்க எப்பக் கேக்கலாம்? அவங்க எதாச்சும் சொன்னாங்களா? எத்தனை நாள் ஆகும், சுபா?"

ஒரு வருஷம். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அவள் வாயைத் திறந்தாள்.

"மூணு மாசம்" என்றாள்.

தடங்கலில்லாமல் வந்தது. இவ்வளவு லேசாக வரும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

"மூணு மாசம்தானா?" அவன் முகம் கழுவிவிட்ட மாதிரி தெளிந்தது. "நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். அதுக்குள்ள சுருள் வெச்சு சரியானதாப் பண்ணிடறேன். மூணு மாசம் என்ன, தீபாவளி தாண்டினா வந்துடுச்சு."

"ஆமா."

அந்தத் தெளிவைக் கெடுக்க அவளுக்கும் மனசு வரவில்லை.

வண்டி நகர்ந்தது. அவன் கம்பியை விடாமல் நாலு அடி கூடவே நடந்தான். பிறகு நின்று, கூட்டத்துக்கு மேலாகத் தெரியும்படி கையை உயர்த்தி, மூன்று விரலைக் காட்டினான்.

அவளும் மூன்று விரலைக் காட்டினாள்.